தேனில் குழைத்த மாத்திரை

குமுளி,
வெள்ளிக்கிழமை.

என் மகள் ஷஹ்லாவுக்கு அம்மா சபியா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் சலாம்.

போனில் சொன்னால் பக்கத்தில் உன் மாமியார் இருப்பார். அதனால் பாலக்காடு வரும் சிராஜ் மாமாவிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருந்து படி.

இங்கே மழை விடவில்லை. அத்தா கடைக்குப் போகிறார், ஏலக்காய் ஈரம் என்று எல்லோரையும் திட்டுகிறார், வருகிறார். எனக்குப் பழைய டிபி திரும்பிவிட்டது. மூன்று மாதமாகப் புது மருந்து. அது உள்ளங்காலை மரத்துப்போகச் செய்கிறது. நேற்று செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்திருக்கிறேன். அழுகையும் வரவில்லை.

நர்ஸ் டின்சி விளக்கினாள். பழைய மாத்திரையில் ஒரு மருந்து தானாக விஷமில்லையாம். கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதிதான் பொட்டலத்தைப் பிரிப்பதுபோல் அதைப் பிரித்து விஷமாக்குகிறது. பிறகு கிருமியால் தன்னைச் சுற்றி மெழுகுச் சுவர் கட்ட முடியாது. மூத்திரத்தைச் சிவப்பாக்கும் இன்னொரு மருந்து, கிருமி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் இயந்திரத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்த நொதி கெட்ட கிருமியும் உண்டு, அடைக்கும் இடம் சற்று மாறிய கிருமியும் உண்டு. ஒன்றில் தப்பியதை மற்றது கொல்லத்தான் நாலு மருந்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்து முழு அளவில் தருகிறார்கள். அளவு குறைந்தால் தப்பியவை பெருகும். என் சளியில் இருப்பவை இரண்டுக்கும் தப்பியவை.

இப்போது உன் விஷயம். நான் முதல் தடவை டிபிக்கு மாத்திரை தின்றபோது, உன் நிக்காஹ் தேதி குறித்ததும் நீயும் இருமினாய். உன் பெயர் ஆஸ்பத்திரி டிபி ரெஜிஸ்டரில் ஏறினால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். எனக்குத் தினமும் தந்த மூன்று மாத்திரையில் ஒன்றரையை நான் விழுங்கினேன். மீதியைப் பொடித்து, மிளகோடு தேனில் குழைத்து, இருமல் மருந்து என்று உனக்குத் தந்தேன். மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று பயந்து வந்தாய். பீட்ரூட் தின்றாயே என்றேன். நம்பினாய்.

மாத்திரையை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று, அதையெல்லாம் விளக்கிய அன்றே டின்சி கேட்டாள். இல்லை என்றேன். நேற்று போனில் நீ இருமினாய், தூசி என்றாய். பின்னால் பிள்ளையும் இருமியது.

இன்று டின்சியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. நீ போகவேண்டிய ஆஸ்பத்திரியை எழுதித் தந்தாள், இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நாளைக்கே போ. யார் கேட்டாலும் அம்மா செய்தது என்று சொல். வீட்டில் சேர்க்கமாட்டோம் என்றால் இங்கே வா.

அல்லாஹ் உங்கள் இருவரையும் என் கையிலிருந்து காப்பாற்றட்டும். மாத்திரை தந்தால் உன்னுடையதை நீயே முழுதாக விழுங்கு, பிள்ளையுடையதைப் பிள்ளைக்கே கொடு. நானே வந்து கேட்டாலும் பாதி தராதே.

உன் அம்மா
சபியா