நூல் உருண்டை மடியில்தான் இருக்கணும் என்றாய்

லாத்தா,

இன்று தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் என் கழுத்து நாடாவைப் பிடித்துப் பார்த்து, "என்னம்மா, கத்தரிக்கோலை மாலையா போட்டுருக்கீங்க?" என்று சிரித்தாள். லேஸ் பின்னுகிற கைக்கு இதுதான் வசதி என்றேன். எங்க லாத்தா, அதான் அக்கா, பழக்கிவிட்டது என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்கணும், ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பட்டனை அமுக்கணும். இடப்பக்கம் மின்னவே இல்லை. மெஷின் ரிப்பேரா என்றுகூடக் கேட்டேன். "மின்னிக்கிட்டுத்தாம்மா இருக்கு" என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தமாம். நேரே பார்ப்பது கடைசிவரை தெரியுமாம். ஓரம்தான் முதலில் போகுமாம், போவது நமக்கே தெரியாதாம். போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. "கூடப்பிறந்தவங்க யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லவே இல்லை, எங்க லாத்தா சாகிறவரைக்கும் நுணுக்கு வேலை செஞ்சவ என்று அடித்துச் சொன்னேன்.

மன்னார்குடி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

தலைக்குப் போடுகிற மக்கனா ஓரத்துக்கு முடிச்சு முடிச்சாய் டாட்டிங் லேஸ் பின்ன உட்கார்ந்தால் நீ எனக்குப் போட்ட சட்டம் கொஞ்சமா? படகு மாதிரி இருக்கிற ஷட்டிலின் விளிம்பைத் தாண்டி நூலைச் சுற்றாதே, அழுக்காகும். நாலு வளையத்துக்கு ஒருதரம் ஷட்டிலைத் தொங்கவிடு, முறுக்கு தானே பிரியும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நூல் உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு மடியிலேயே வை என்றாயே, அது எதற்கு? கத்தரிக்கோலைக் கழுத்தில் கட்டு. இடது தோள் சுவரில் படுகிற மாதிரி உட்கார். கேட்டால், "பக்கத்துல வச்சா ஓடிடும்டி, தேடிக்கிட்டுக் கெடக்கணும்" என்பாய். தேடினா கை தேஞ்சிடுமா என்று நானும் கிண்டல் செய்வேன். ஒருநாள் உருண்டை உன் இடது முழங்காலை ஒட்டியே கிடந்தது. நீ பாய் முழுக்கத் தடவினாய். நடிக்காதே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

தெரிந்தே மறைத்தாயா, இல்லை தெரியாமலே அப்படிப் பழகிக்கொண்டாயா?

கடைசியாக நீ காய் வாங்கப் போன அன்று, பாதி ரோட்டைத் தாண்டியபோது உன்னை அடித்த அந்த மினி பஸ் வந்ததும் இடப்பக்கம்தான். "மெதுவாத்தாங்க வந்தேன், அவங்க பாக்கவே இல்லை" என்று டிரைவர் அழுதார். நான் நம்பவில்லை. அடக்கம் செய்ய மையத்து எடுக்கும்வரை உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "கண்ணை எங்க வச்சுட்டுப் போனே?" என்று உன்னையும் திட்டினேன். மன்னிச்சிடு லாத்தா.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று மகள் கேட்டாள். கண்ணாடி மாத்தணுமாம் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தப் பொய்! ரத்தத்தில் வருவது, உங்க பெண்ணையும் கூட்டிட்டு வாங்க என்று டாக்டரம்மா சொன்னதை விழுங்கிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், அவள் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பின்னுகிறாள், இடது தோளைச் சுவரில் சாய்த்து. நான் பழக்கியதுதான். வெறும் பழக்கமா, இல்லை அப்படி உட்கார்ந்தால்தான் அவளுக்கு முடிகிறதா?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னைப் பற்றியும். அவள் ஷட்டிலைக் கீழே வைத்தாள்.

"எதிர்ல காலண்டரையே பாரு. திரும்பாம எத்தனை விரல்னு சொல்லு" என்றேன்.

வலப்பக்கம் காட்டினேன். "மூணு" என்றாள்.

இடப்பக்கம் காட்டினேன். காலண்டரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ம், காட்டுங்கம்மா" என்றாள்.

கையை ரொம்பப் பின்னால் பிடித்துவிட்டேனோ என்னவோ. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன், அவள் "ரெண்டு" என்று சொல்கிற வரைக்கும். எவ்வளவு தூரம் கொண்டுவந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

நாளைக்கு முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பயம் தாங்க முடியவில்லை லாத்தா. என் கண் இரண்டும் வேண்டுமானால் போகட்டும், அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது.