சுவருக்கு அந்தப் பக்கம்

என்னைப் பெற்றவளே,

உனக்கு முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் கறிக்குழம்பைப் பாராட்டினார்கள். குமாரபாளையத்துப் பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாளும் போயிட்டா. உனக்குன்னு ஒரு புள்ள பொறந்திருந்தா ஆறுதலா இருந்திருக்கும்" என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். இல்லாவிட்டால் இலையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

எனக்குப் பிள்ளை பிறந்தான் அம்மா. நீதானே கையில் வாங்கினாய்? இரண்டு கரு கலைந்த பிறகு முழு மாசமும் வயிற்றில் இருந்து, அழாமலே பிறந்தவன். உன் பழைய சேலையில்தான் அவனைச் சுற்றிக் கொடுத்தாய். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்றார் பங்குச் சாமியார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்கள். மூச்சே விடாதவன் எப்போது ஞானஸ்நானம் வாங்கியிருப்பான்? அன்றைக்கு யாராவது இதைக் கேட்டிருக்கலாம். நீ கேட்டிருக்கலாம்.

நீ கேட்கவில்லை. என்னையும் அங்கே போகவிடவில்லை. "வேண்டாஞ்சாமி, அங்க போனீன்னா அடுத்ததும் தங்காது" என்றாய். நான் போகவில்லை. அடுத்தது என்று ஒன்று வரவும் இல்லை. அதன் பிறகு ஒரு மாசம்கூட நாள் தள்ளிப்போகவில்லை. நீயோ நேர்ச்சைமேல் நேர்ச்சை வைத்தாய். திருவிழாவில் ஊரே பார்க்க என் கையால் வெள்ளித் தொட்டில் கட்டவைத்தாய்.

கல்லறைத் திருநாள் வந்தால் அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டாகக் கிடக்கும். நீ அந்தத் திசைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு செபமாலை சொல்வாய். உன்னை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?

என் வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். வீட்டில் தனியாக இருக்க முடியாமல்தான் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். லத்தீன் பூசை எனக்கு வசதி. ஒன்றும் புரியாததால் என் பாட்டுக்குச் சேசுநாதரைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

போன வருசம் பெரிய வெள்ளிக்கிழமை அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். சேசுநாதர் பட்ட பாடுகளைச் சொல்லிக்கொண்டு வந்த உபதேசியார், அவரை ஊருக்குள்ளே கொல்லவில்லை, மதிலுக்கு வெளியே இழுத்துப்போய்த்தான் சிலுவையில் அறைந்தார்கள் என்றார். எத்தனையோ வருசமாகக் கேட்டதுதான். அன்றைக்குத்தான் காதில் ஏறியது. அப்படியென்றால் அவரும் வெளியேதான் கிடந்திருக்கிறார், என் பிள்ளை கிடக்கிற பக்கம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அன்று முதல் அவரிடம், "அவனைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லி வருகிறேன். கோபம் போய்விடவில்லை. ஆனால் அவன் தனியாக இல்லை என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

சாயங்காலம் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "பைத்தியமாட்டம் பேசாத. சாமியாரு காதுல உழுந்தா என்னாகும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாய். அந்த ஒரு ஆறுதலைக்கூட என்னோடு சேர்ந்து பிடித்துக்கொள்ள உனக்கு மனம் வரவில்லையே என்று கொதித்தேன்.

பிறகு நீ சாகக் கிடந்தபோது உனக்குக் கடைசிப் பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"என்னை எங்கூட்டுக்காரரு பக்கத்துல வெக்க வேண்டாமுங்க சாமி. செவுத்துக்கு அந்தப் பக்கம் எம்பேரன் கெடக்குறானுங்க. அவங்கிட்ட வெச்சிருங்க."

"அப்படிச் செய்ய முடியாதம்மா."

"அப்ப அவன உள்ள கொண்டாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளேயே, சுவரை ஒட்டின கடைசி வரிசையில் உனக்குக் குழி வெட்டச் சொன்னார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

அம்மா, இந்த வாயை இத்தனை வருசம் எங்கே வைத்திருந்தாய்? நான் பால் கட்டிப் படுத்துக் கிடந்த அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என்ன? பயமா? அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீயும் அழுதுகொண்டுதான் இருந்தாயா? ஒருநாளாவது என் பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா?

வருகிற கல்லறைத் திருநாளுக்கு முதல் மெழுகுவர்த்தி வெளியேதான். வேலமரத்தடியில் அதை ஏற்றிவிட்டு அப்புறம்தான் உள்ளே உன்னிடம் வருவேன். ஊர் பார்க்கட்டும். சாமியார் ஏன் என்று கேட்டால், நீ கேட்டதையே நானும் கேட்பேன். அவர் பதில் சொல்கிறவரை வருசா வருசம் கேட்பேன்.

அவன் அம்மா,
உன் மகள்
லூர்து