செர்டாங்கில் ஓய்வு

செப். 15, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்த கைலி ஒன்றும் காயவில்லை.

நாளை என் வீட்டுக்காரரை எஸ்.பி. டவுனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். ஞாயிறு வரைதான். எனக்குக் குடலிறக்கம். ஒரு வாரமாவது ஆளைத் தூக்காதே என்று டாக்டர் கத்திவிட்டார். மகள் கவிதாதான் அங்கே படுக்கைக்கு ஏற்பாடு செய்தாள்.

பையில்: கைலி நான்கு, பேம்பர்ஸ், மாத்திரை, எண்ணெய், விபூதி.

நாட்காட்டித் தாளைக் கிழித்து, எப்போதும்போல் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சில்லை, தலையாட்டல்கூட இல்லை. பழக்கதோஷம், நான் காட்டுகிறேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை வேலியோரம் வந்து, "புருஷன ஹோம்ல தள்ளப் போறியாமே?" ஈரக் கைலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நின்றிருந்தால் சண்டைதான்.

செப். 16, செவ்வாய்

மலேசிய தினம். மகள் க.வுக்கு கூலிம் பேக்டரியில் லீவு, அவளே ஓட்ட, அவள் காடியிலேயே போனோம்.

இடம் சுத்தம். டெட்டால் வாசனை. நடத்துவது ஒரு சீனப் பெண்மணி, வேலைக்கு இந்தோனேசியப் பெண்பிள்ளைகள். என்ன சாப்பிடுவார் என்று கேட்டார்கள். "மாடு மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் சாப்பிடுவார்" என்று மலாயில் சொன்னேன். அவர் பக்கத்திலேதான் இருந்தார்.

கிளம்பும்போது க. காதில் சொன்னாள்: "சொல்லாம வாம்மா. சொன்னா மட்டும் வெளங்கவா போவுது?" சக்கர நாற்காலியை டிவி பக்கம் திருப்பிவிட்டு, பின்பக்கமாக வந்துவிட்டோம்.

அங்கிருந்து செர்டாங், தங்கை செல்வி வீடு; ஞாயிறு வரை எனக்கு இங்கே ஓய்வு. "நீ படுலா அக்கா, நான் எல்லாம் பாத்துக்கிறேன்." படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

செப். 17, புதன்

வெயில். செல்வி வீட்டில் மீன் குழம்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவள் சர்ச்சுக்குப் போகிறவள், சமையல் மட்டும் எங்கள் அம்மா கைதான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் இல்லத்திலிருந்து போன். "பாக்சிக் தாக் மாவு மாக்கான்." ஐயா சாப்பிட மாட்டேன் என்கிறாராம். கோழிக் கஞ்சியை வாயருகே கொண்டுபோனாலே பல்லைக் கடித்துக்கொள்கிறார். குடிக்கக் கொடுக்கிற மைலோ மட்டும் உள்ளே போகிறது.

புது இடம், அப்படித்தான் இருக்கும் என்றாள் க. இருக்கலாம்.

சாயங்காலமும் அதே போன்.

செப். 18, வியாழன்

காலையிலும் சாப்பிடவில்லை. இன்றும் இப்படியே இருந்தால் மூக்கில் டியூப் போட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வந்து அழைத்துப் போங்கள் என்கிறார் இல்லம் நடத்தும் அம்மா. அழைத்து வந்தால் தூக்குவது யார்? விட்டால் டியூப். எனக்குப் பாழாய்ப்போன ஓய்வு ஒரு கேடா!

வீட்டில் உட்கார முடியவில்லை. செல்வியோடு பாசாருக்குப் போனேன். கோழிக் கடையில் நிற்கும்போது பூக்கட்டும் அம்மா ஒருத்தி என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நேத்தே புரட்டாசி பொறந்திருச்சி, கோழியா வாங்குற?"

கடவுளே.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், புரட்டாசி முழுக்க அவர் கவிச்சி தொட்டதில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் நான் பார்த்துப் பார்த்துச் சைவம்தான் ஊட்டினேன். போன சனிக்கிழமை தாளைக் கிழிக்கும்போதுகூடச் சொன்னேனே, "புதன்கிழமை புரட்டாசி பொறக்குது, ஐயாவுக்கு இனிமே சைவந்தான்" என்று. சொன்னவள் மீன் குழம்பு தின்றுகொண்டிருந்தேன்.

பாசாரிலிருந்தே போன் போட்டேன். கோழி வேண்டாம், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம். வெறும் கஞ்சி, உருளைக்கிழங்கு, உப்பு.

பதில் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டாராம்.

செல்வி கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பாள்.

செப். 19, வெள்ளி

தூறல். காலையிலும் நன்றாகச் சாப்பிட்டாராம். க. போனில் சிரிக்கிறாள்: "அப்பா பாரும்மா, கெட்டிக்காரர்! இனிமே நீ நிம்மதியா தூங்கு."

எங்கே தூங்குவது? புரட்டாசி பிறந்தது தெரிகிறவருக்கு, நாற்காலியைத் திருப்பிவிட்டு நாங்கள் நழுவியது தெரியாதா? எப்போது வருவேன், வருவேனா என்றுகூட நான் சொல்லவில்லை. மூன்று நாளாக அங்கே உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?

பொறுக்கவில்லை. இல்லத்தைக் கூப்பிட்டேன். போனை அவர் காதில் வைக்கச் சொன்னேன். "நான்தாங்க. டாக்டரு தூக்கக்கூடாதுன்னுட்டாரு, அதான். ஞாயித்துக்கிழம வந்துருவேன், கூட்டிட்டு வந்துருவேன்." மூச்சு மட்டும் கேட்டது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், இன்றைக்கு வெள்ளி, புரட்டாசி மூன்று என்றேன்.

போனைக் காதில் வைத்த இந்தோனேசியப் பிள்ளையின் குரல் தூரத்தில் கேட்டது. பாக்சிக் போனை விட மாட்டேன் என்கிறாராம், விளங்குகிற இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாராம்.

இழுக்காதே, இருக்கட்டும் என்றேன்.