மருந்து கழுவிய மண்

மார்ச் 4
அத்தான் பதினோரு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கை நடுக்கம் மட்டும் போகவில்லையாம். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார், எதிர்காற்றில், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல். அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார்.

மருந்தின் பெயரைச் சொன்னது நான். மண் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளாயிற்றே என்று கேட்டார். “இதுதான் கேக்கும், அடிங்க” என்றேன். முகத்தை மூடச் சொன்னேனா? இல்லை. வாயில் வரவே இல்லை.

மார்ச் 5
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 9
நேரில் போனேன். அக்கா கதவைத் திறந்தாள், முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அத்தான்தான் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பத்து வருஷமாக அவர் தெளிப்பானைக் கழுவி ஊற்றும் மூலையில் மண் அள்ளினேன்.

“விஷத்தைக் குடிச்ச மண்ணு. இதுல என்னத்தத் தேடுற?”

“விஷத்தைத் தின்னு பழகின பாக்டீரியா இருக்கும், அத்தான்.”

“எனக்குத்தான் பழகாமப் போச்சு” என்று சிரித்தார். தண்ணீர் குடிக்க டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12
குடுவைகளில் உப்புக் கரைசல், ஒரு சிட்டிகை மண், சாப்பாடாக அந்த மருந்து மட்டும். தின்றால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குடுவையில் மண் போடவில்லை.

மார்ச் 19
மஞ்சள்! மண் போட்ட ஏழு குடுவையும் மஞ்சள்! மருந்து உடைந்தால்தான் இந்த நிறம் வரும். உடனே அத்தானுக்குப் போன் போட்டு, “விஷம் போயிடுச்சு” என்று கத்தினேன்.

பிறகுதான் ஆய்வகத் தலைவி மேடம் வந்து பார்த்தார். “உடைஞ்சிருக்கு, சரி. அந்த மஞ்சளும் விஷந்தானேம்மா? அதுக்குள்ள யார்கிட்ட சொன்ன?”

ஐயோ. அதே தப்பு. பாதி தெரிந்ததை முழுசாகச் சொல்லித் தொலைக்கிறேன் — நான் திருந்தவே மாட்டேனா? மறுபடி போன் செய்து, “நான் அவசரப்பட்டுட்டேன் அத்தான்” என்றேன். “பரவால்லம்மா” என்றார். அதுதான் இன்னும் வலித்தது.

ஏப்ரல் 2
பழைய குடுவையிலிருந்து புதியதற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, மாற்றி மாற்றி வளர்க்கிறேன். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

ஏப்ரல் 16
நான்காம் எண் குடுவை வெளுத்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 24
மூன்று முறை திரும்பச் செய்தாயிற்று. மேடமே கருவியில் வைத்துப் பார்த்தார். மருந்தும் இல்லை, மஞ்சளும் இல்லை. “இப்பப் போன் பண்ணும்மா.”

நிதானமாகச் சொன்னேன்: “குடுவையில பாக்டீரியா தின்னிருக்கு அத்தான். தோட்டத்துல தின்னுமான்னு இனிமேதான் பாக்கணும். அதுவரைக்கும் அந்த மூலைக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியக் குடிக்காதீங்க. நீங்க இனி மருந்துப் பக்கமே போகக்கூடாது.”

“சரிம்மா, சரி. அதுக்குப் பேரு என்ன?”

“இன்னும் வைக்கல. நம்பர்தான்.”

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. “அவ பேரையே வைக்கச் சொல்லுங்க. சின்னதுல சிலேட்டுக் குச்சியெல்லாம் தின்னு தீர்த்தவதானே!”

இரண்டு மாதம் கழித்து அக்கா என்னைத் திட்டியிருக்கிறாள்.