யாரும் இல்லை என்ற கட்டம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு பாப்பா" என்றுதான் சொல்வீர்கள். பக்கத்துக் கட்டிலில் அப்பா இருக்கிறார், அவருக்கோ பாம்புக் காது. அதனால்தான் கடிதம். ஆபீஸ் மெயிலில் குடும்ப விஷயம் எழுதினால் மனிதவளத் துறைத் தலைவி என்ற முறையில் நானே என்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.

முதலாளி என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார். யார் எத்தனை நாள் ஆபீசுக்கு வருவது, யார் வீட்டிலிருந்தே வேலை செய்வது என்று மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும். "காலி நாற்காலிக்குத் தூசி தட்டவே ரெண்டு ஆள் வச்சிருக்கேம்மா" என்கிறார் அவர். டிசைன் பிரிவுப் பிள்ளைகளோ ஆபீஸ் என்றாலே ஜெயிலுக்குக் கூப்பிட்ட மாதிரி பார்க்கிறார்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

நூற்று நாற்பது பேருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். பதினொரு வருஷமாக நம் கம்பெனியில் வாஷிங் மெஷினுக்கும் பம்புக்கும் கையேடு எழுதுகிறவர் நீங்கள். நீங்களாவது கேள்விகளை முழுசாகப் படித்துப் பதில் போடுங்கள். அண்ணன் கப்பலிலிருந்து பேசினாரா?

பாப்பா

ஜூன் 9

அன்புப் பாப்பாவுக்கு,

படிவத்தை வந்த அன்றே நிரப்பி அனுப்பிவிட்டேன். இருபத்தாறு கேள்வி. சின்ன வயதில் என்னைத் தொணதொணத்த மாதிரியேதான் இன்னும் இருக்கிறாய். உன் அண்ணன் பேசினார், கரைக்கு வர இன்னும் நான்கு மாதமாம்.

மாமா நன்றாக இருக்கிறார். இடது கையைத்தான் இன்னும் தூக்க வரவில்லை. என் மேஜையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், வேலை பார்த்துக்கொண்டே கட்டிலையும் பார்க்கலாம். பதினொரு மணி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிடுவேன். அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் அது. தூக்கிக்கொண்டே மூச்சு வாங்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் அண்ணி

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டம் முடிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு, எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஆகஸ்ட் முதல். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது என்று நான்தான் எழுதினேன். நீங்கள் என் அண்ணி என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். ஒரு கதவைத் திறந்து வைத்தால் சொந்தக்காரிக்காகத் திறந்தது என்பார்கள். உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது.

படிவங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுக்குக் காலை நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைக் கவனிக்கிறவர் நம் கம்பெனியில் ஒருவரும் இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன்.

உங்களுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே? ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை பிடித்து வைக்கிறேன்.

பாப்பா

ஜூன் 28

பாப்பாவுக்கு,

அறிக்கை எனக்கும் வந்தது. பதினேழாம் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகு தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தேன்.

தப்பு என்மேலும் இருக்கிறது. வீட்டில் உங்களை நம்பி இருப்பவர் யார் என்ற கேள்விக்கு, 'யாரும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்தான். பெயர் இல்லாவிட்டாலும் படிக்கப்போவது நீ. உன் அப்பாவைப் பாரம் என்று எழுதிக் கொடுத்ததாக நீ நினைத்துவிடக்கூடாதே என்று பயந்தேன். அவர் பாரம் இல்லை. ஆனால் நான்கு வருஷமாக அது காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் வேலை.

மற்றவர்கள் காகிதத்தை நம்பலாம். நீ அவர் பெண். ஒருவரும் இல்லை என்று எழுதும்போது உன் கை கொஞ்சம் நின்றிருக்க வேண்டாமா? அதுதான் எனக்கு ஆறவில்லை.

எனக்காக எந்த விதிவிலக்கும் எழுதாதே. ஆள் வைத்துப் பார்த்தாயிற்று, வெளியாள் தொட்டாலே மாமா உடம்பை விறைத்துக்கொள்கிறார். ஜூலை முடிய வேலையை விட்டுவிடுவதாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பாப்பா.

அண்ணி

ஜூலை 14

அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத முகம் இல்லை. உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். என் கை நிற்கவில்லை அண்ணி. அப்பா நினைப்பு வரும்போதெல்லாம் 'அண்ணி இருக்காங்க' என்று அத்தோடு விட்டுவிடப் பழகியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

முதலாளியிடம் போய் அறிக்கையில் ஒரு வரி பொய் என்றேன். "அதுக்கென்ன, உங்க அண்ணிக்கு மட்டும் ஒரு வரி சேத்துக்கோம்மா" என்றார். சேர்க்கவில்லை. படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் ஒவ்வொருவராகப் பேசினேன். பெரியவர்களைக் கவனிக்கிறவர்கள் உங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் 'யாரும் இல்லை' என்று போட்டவர்கள். ஒருவர் அழுதேவிட்டார்.

இனி எந்த நாள், எத்தனை நாள் என்பதை அந்தந்தப் பிரிவே கூடிப் பேசி முடிவு செய்யும். வீட்டில் கவனிக்க ஆள் இருப்பவர்கள்தான் முதலில் நாளைச் சொல்வார்கள். அத்தாட்சி ஏதும் கேட்கக்கூடாது. முதலாளி இரண்டு நாள் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதிமூன்றாவது பெயர் என்னுடையது. திங்கள், செவ்வாய், புதன் நான் உங்கள் வீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். ஞாயிறு சாயங்காலமே வந்துவிடுவேன். அந்த மூன்று நாளும் நீங்கள் ஆபீசுக்குப் போகலாம், தூங்கலாம், உங்கள் இஷ்டம். எழுதி வைத்திருக்கும் அந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பாப்பா

ஆகஸ்ட் 3, ஆபீசிலிருந்து

பாப்பாவுக்கு,

இதைச் சாயங்காலம் உன் கையிலேயே கொடுத்துவிடுவேன். மாமா எதிரில் இதெல்லாம் சொல்ல வராது.

இங்கே பாதிப் பேரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன். டிசைன் பிரிவுப் பெண் ஒருத்தி "கேமராவே போடாத அக்கா நீங்கதானா?" என்றாள். ஐந்து தடவை போனை எடுத்து, உன்னைக் கூப்பிடாமலே வைத்துவிட்டேன். காலையில் மாமாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நீ நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. இதற்குள் கற்றுக்கொண்டிருப்பாய்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி போயிருக்கிறது.

மதியம் எல்லாரோடும் சாப்பிட உட்கார்ந்தேன். இடையில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்தும் கை காயும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நான்கு வருஷம் ஆகிறது பாப்பா.

அண்ணி