கண்ணீரளவு உப்பு

தில்லையடி,
புத்தளம்.

அன்புள்ள மச்சி றிஷ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மகள் றஹ்மா உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் வாசித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துகொள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உன் எஜமானி போனைப் பறித்து வைத்திருப்பதால், குவைத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் நம் ஊர் உம்மு குல்சூமிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். என் தம்பியை, அதுதான் உன் புருஷன் முபாரிஸை, நான் கொல்லப் பார்த்தேன் என்று ஊரில் கதை. அது உனக்கு எட்டும் முன் என் கதையைக் கேள்.

வெள்ளத்தில் கிணறெல்லாம் கெட்டுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. அடுத்த வளவிலிருக்கும் என் வீட்டிலிருந்து நான் போய்ப் பார்க்கும்போது கண் குழி விழுந்து, நாக்குக் காய்ந்து, துவண்டு கிடந்தாள். வாயைத் திறந்து அழுகிறாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அந்த மடையன் பிள்ளைக்குத் தண்ணீரே காட்டவில்லை. "தண்ணி குடுக்கக் குடுக்கத்தான் போகுது, வயித்தக் காயப் போடணும்" என்று என்னிடம் பாய்ந்தான். அவனுக்கும் பயம்தான். அவனுக்குப் பயம் வந்தால் கைதான் முதலில் நீளும், உனக்குத் தெரியாததா.

ரோட்டில் இடுப்பளவு வெள்ளம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கக் கிளினிக்கில் தந்த ஜீவனி உப்புத்தூள் பக்கெட் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து வைத்தேன். ஜக்கைக் காலால் உதைத்தான், சுவரெல்லாம் தெறித்தது. பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன், முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது, ஒரு பல் ஆடியது. மயிரைப் பிடித்து அலுமாரியில் மோதினான். கைக்கு எட்டியது தேங்காய் திருவும் திருவலை. மண்டையில் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன் மச்சி, அந்த நேரம் கொல்லத்தான் அடித்தேன். கதிரையோடு சரிந்தான், ஆனால் நினைவு தப்பவில்லை.

பிறகு மீதித் தண்ணீரில் ஒரு லீற்றர் அளந்து, தேக்கரண்டியால் தலை தட்டி ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் போட்டேன். அவசரத்தில் உப்புக் கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. கூடினால் அதுவே பிள்ளையைக் கொன்றுவிடும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி படித்துப் படித்துச் சொன்னவள். ருசி பார்த்தேன். என் வாயெல்லாம் இரத்தம், எனக்கு எல்லாமே உப்புத்தான்.

திருவலையை ஓங்கிக்கொண்டு, நீ குடித்துச் சொல், கண்ணீரைவிடக் கரிக்கிறதா என்று கோப்பையை அவன் வாயில் வைத்தேன். கண்ணீர் ருசி தனக்கு எப்படித் தெரியும் ராத்தா என்றான். உன் பெண்சாதிக்குத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு கோப்பையை வாங்கிக் குடித்தான். கரிக்கவில்லை என்றான். அவனை நம்பலாமா? இன்னொரு கோப்பையும் குடிக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தேன். சுளிக்கவில்லை.

கரண்டி கரண்டியாக ஊட்டினேன். வாந்தி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் ஊட்டினேன். எத்தனை தரம் என்று கேட்காதே. வெள்ளம் வடிந்து டிரக்டர் வந்து எங்களை ஏற்றியபோது வீறிட்டு அழுதாள். என் கழுத்தெல்லாம் நனைந்தது. பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆஸ்பத்திரியில் தலையில் தையல் போடும்போது முபாரிஸ் தான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். என் உதட்டைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார்கள். கதவில் இடிபட்டது என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்வாயே, எனக்கு அது வரவில்லை. இந்தா நிற்கிறானே, இவன்தான் அடித்தான், நானும் அடித்தேன் என்று வார்டுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

றஹ்மா இப்போது என்னிடம் இருக்கிறாள். கஞ்சி குடிக்கிறாள். முபாரிஸ் காலையில் பில்டர் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கொண்டுவந்து கேற்றடியில் வைத்துவிட்டு நிற்கிறான். வாப்பா என்று இவள் கையை நீட்டுகிறாள். அவன் என் கூடப் பிறந்தவன், ஆனாலும் கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் திரிகிறேன்.

அவனுக்குக் கேற்றைத் திறக்கவா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். அவனுக்குப் பயந்து சொல்லாதே, எனக்காகவும் சொல்லாதே. உன்னைப் படைத்த ரப்பு உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து இந்த வாசலில் சேர்க்கட்டும். நீ வரும்போது இங்கே எந்தக் கதவும் உன்னை இடிக்காது.

உன் மதினி,
ஸபீனா