நான் விட்டு வாசித்த வரி

மச்சான்,

காலையில் அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். சட்டப் பிரிவின் சம்மதம் வந்துவிட்டதாம். ஏழு மாதம் இழுத்தவர்கள், உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து பத்தாம் நாள், 'வெளியிடலாம்' என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறார்கள். தின்ன ரோல்சும் குடிக்கப் பிளேன்ரீயும் வந்தன. எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. பலாலி வீதியில் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உனக்குக் கண் தெரியாது. கடிதத்தைப் படமெடுத்தால் கைபேசி வாசித்துச் சொல்லும் எங்கள் இலவசச் செயலியை வைத்துத்தான் சமாளித்தாய். தமிழுக்கு நடுவில் ஆங்கிலம் வந்தால் மட்டும் அது ஊமையாகிவிடும். "உந்த ஒரு குறையைத் தீர்த்து விடடா" என்று நீதான் என்னை அரித்தாய். நானும் திருத்தினேன். ஆனால் வேறொருவர் எழுதிப் பொதுவில் விட்டிருந்த ஒரு கணினி நிரல் துண்டை அதில் சேர்த்திருந்தேன். அதைச் சேர்த்து வெளியிட எங்களுக்கு உரிமை உண்டா என்று சட்டப் பிரிவு பார்க்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தது.

சாவகச்சேரியில் நீ தொலைபேசி இணைப்பாளராக வேலை பார்த்த கந்தோருக்கு நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"என்னவாம் உங்கடை சட்டக்காரர்?"

"பாக்கினமாம்."

"ராகுகாலம் எண்டாலும் ஒண்டரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். உதுக்கு முடிவே இல்லையோ?"

அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகொரு நாள் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து நீட்டினாய். மேலே தமிழ், கீழே டாக்டரின் குறிப்பு ஆங்கிலத்தில்.

"என்ரை மனுசி வாசிச்சவள். ஒண்டுமில்லையாம். எனக்கு நம்பிக்கையில்லை. களவாய் எண்டாலும் உந்தப் புதுசை என்ரை போனிலை போட்டுத் தா."

"சம்மதம் வரமுந்தி வெளியிலை குடுத்தா என்ரை வேலை போயிடும், மச்சான்."

"உலகத்துக்கே சும்மா குடுக்கிற சாமானுக்கு ஏனடா பூட்டு?"

"தா, நான் வாசிக்கிறன்" என்று வாங்கினேன். நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று ஒரு வரி இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன்.

நீ கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாய். "நீயும் என்ரை மனுசியைப் போலத்தான் வாசிக்கிறாய்" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "உதைப் படமெடுத்து வை. உங்கடை சாமான் வெளியிலை வந்த உடனை முதலிலை உதை வாசிக்கப் பண்ணு. நான் கேக்கவேணும்" என்றாய்.

படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. சற்று முன், புதிய பதிப்பை வெளியே விட்ட கையோடு, மாடிப்படியில் தனியே போயிருந்து அதை வாசிக்க விட்டேன். குரல் தமிழை முடித்தது. ஆங்கிலத்துக்குப் போனது. ஈரல் வரும் இடத்திலும் நிற்காமல், டாக்டரின் பெயர்வரைக்கும் வாசித்தது. திரும்பவும் போட்டேன். மூன்று தரம் கேட்டேன்.

அந்தப் படத்தை அழிக்கமாட்டேன். இனி எத்தனையோ பேர் தங்கள் கடிதத்தை ஒரு சொல்லும் குறையாமல் தாங்களே கேட்பார்கள். உனக்கு நான்தான் வாசித்தேன், மச்சான்.